மாதுளை முத்து அளவுதான்

தில்லியில் வீடு வாங்க நினைப்பவர்கள் என்னிடம் யோசனை கேட்டால் நான் ஒன்றுதான் சொல்வேன். பால்கனி தெற்குப் பார்த்து இருக்கட்டும். லிஃப்ட், பார்க்கிங், தண்ணீர் எல்லாம் போகப்போகச் சரியாகிவிடும், அல்லது நமக்குப் பழகிவிடும். ஜனவரியில் வெயில் வந்து மடியில் விழுகிற பால்கனியை மட்டும் பிற்பாடு சம்பாதிக்க முடியாது. மயூர் விஹாரில் எங்கள் ஃப்ளாட்டுக்கு அப்படி ஒரு பால்கனி உண்டு. குளிர்காலத்தில் நானும் என் மனைவி அபிராமியும் அங்கேதான் குடித்தனம் நடத்தினோம் என்று சொல்லலாம். இரண்டு பிரம்பு நாற்காலி, ஒரு தட்டு நிறைய ஆரஞ்சு, கொஞ்சம் வறுத்த வேர்க்கடலை. எதிர் பால்கனி பஞ்சாபி அம்மாள் எங்களைப் பார்த்துத் தன் புருஷனிடம், "அவங்களைப் பாருங்க, நீங்களும் இருக்கீங்களே" என்று இந்தியில் சொல்வது எங்களுக்கே கேட்கும்.

இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கடைசியில் அவளைச் சேர்த்த ஆஸ்பத்திரியில் கார்த்தி என்று ஒரு இளம் டாக்டர். சேலத்துப் பையன். வராந்தாவில் என்னைப் பார்த்து, "ஏன் சார் யார்கிட்டயுமே சொல்லல?" என்று கேட்டார். கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் போய்விட்டார். அவருக்கு வேலை. என் மகன் மாதவும் அதையே கேட்டான், பிறகு கேட்பதையும் நிறுத்திவிட்டான். நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள். சொல்கிறேன்.

முதலில் என்னைப் பற்றி. பெயர் சேஷன். மத்திய அரசு அமைச்சகம் ஒன்றில் செக்‌ஷன் ஆபீசராக இருந்து டெபுடி செக்ரட்டரியாக ஓய்வு பெற்றவன். லஞ்சம் கிடையாது, சிகரெட் கிடையாது, குரலை உயர்த்திப் பேசியது கிடையாது. சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் இருந்த காலத்தில் அக்கம்பக்கத்துப் பெண்கள் அபிராமியை அதிர்ஷ்டக்காரி என்பார்கள். அவள் புசா ரோடு பக்கம் ஒரு தமிழ்ப் பள்ளியில் பூகோளம் கற்றுக்கொடுத்தாள். நல்ல டீச்சர். ஆனால் வெளியில் நாலு பேர் முன்னால் பேச வேண்டுமென்றால் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்து யோசிப்பாள். அந்த யோசனை நேரத்தில் நான் அதை முடித்துவிடுவேன். ஓட்டலில் அவளுக்கு என்ன வேண்டும் என்று நான்தான் சொல்வேன். டாக்டரிடம் அவளுக்கு எங்கே வலிக்கிறது என்பதையும் நான்தான் சொல்வேன். நேரம் மிச்சமாகும்.

ஒருமுறை பள்ளி நிர்வாகத்திலிருந்து வீட்டுக்கு போன் வந்தது. அபிராமியை வைஸ் பிரின்சிபாலாகப் போட யோசிக்கிறோம், சம்மதமா என்று கேட்டார்கள். அவள் குளித்துக்கொண்டிருந்தாள். பிளட் பிரஷர் இருக்கிறது, கூடுதல் பொறுப்பு அவளுக்கு ஒத்துக்கொள்ளாது என்று சொல்லி நன்றியும் தெரிவித்தேன். அவளிடம் சொல்லிக் குழப்பவில்லை. வெகுகாலம் கழித்து யாருடைய பிரிவுபசாரத்திலோ அவளுக்கு விஷயம் தெரிந்தது. சண்டை போடவில்லை. "எனக்கு பிபியே இல்லையே" என்று மட்டும் சொன்னாள். அது உண்மைதான்.

ஆறேழு வருஷத்துக்கு முன்னால் அவளுக்குச் சிறுநீரில் ரத்தம் போனது. ஸ்கேன் எடுத்தார்கள். இடது சிறுநீரகத்தில் கட்டி. அதை எடுத்துவிட்டார்கள். ஆபரேஷன் முடிந்ததும் சர்ஜன் என்னைத் தனியாக உட்காரவைத்து, இது புற்றுநோய், ஆனால் முழுவதும் எடுத்தாகிவிட்டது, கவலைப்பட வேண்டாம், குறிப்பிட்ட இடைவெளியில் ஸ்கேன் மட்டும் செய்துகொண்டே இருக்க வேண்டும் என்றார். மனைவியிடம் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள் என்றும் சொன்னார். நான் அபிராமியிடம் கல் என்று சொன்னேன். கல் அடைத்து நாளாகிக் கெட்டுப்போன கிட்னி, அதனால் எடுத்துவிட்டார்கள். சர்ஜனிடம், அவளிடம் சொல்லியாயிற்று, ஆனால் அதைப் பற்றிப் பேசினால் அழுதுவிடுகிறாள், அவள் முன்னால் எடுக்காதீர்கள் என்று கேட்டுக்கொண்டேன். நல்ல மனிதர். எடுக்கவில்லை.

எதற்கு அந்தச் சொல்லை ஒரு பெண்ணின் தலையில் தூக்கி வைக்க வேண்டும்? முழுவதும் எடுத்தாகிவிட்டதென்று அவரே சொல்கிறார். அவள் நிம்மதியாகத் தூங்கினாள், பள்ளிக்குப் போனாள், ஓய்வு பெற்றாள், யோகா வகுப்பில் சேர்ந்தாள். ஸ்கேன் ஒவ்வொன்றும் சுத்தமாக வந்தது. ஒருநாள், "ஒரு கல்லுக்கு எத்தனை தடவைதான் ஸ்கேன் எடுப்பா?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்வதைவிட ஸ்கேனை நிறுத்துவது சுலபமாக இருந்தது.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் ஹோலி. எங்கள் சொசைட்டியில் ஹோலி என்றால் விடமாட்டார்கள். அபிராமி தலையெல்லாம் பச்சையும் சிவப்புமாக வந்து குளித்தாள். துண்டோடு வந்து என் முன்னால் தலையைக் குனிந்து காட்டினாள்.

"இங்க தொட்டுப் பாருங்கோ. கலர்தான் ஒட்டிண்டிருக்குன்னு தேய்ச்சேன். போகலை."

உச்சிக்குச் சற்றுப் பின்னால், முடிக்கு நடுவே, ஒரு சின்னச் சிவப்பு மொட்டு. மாதுளை முத்து அளவுதான். நிறமும் அதேதான். பார்க்க அழகாகக்கூட இருந்தது என்று சொன்னால் தப்பாக நினைக்கக் கூடாது.

"வலிக்கறதா?"

"வலியே இல்லை. ஆனா சீப்பு பட்டா ரத்தம் வரது."

மார்க்கெட் பக்கம் ஒரு தோல் டாக்டர், பஞ்சாபிப் பெண்மணி. அவரிடம் காட்டுவதற்குள் அது நாவல்பழம் மாதிரி ஆகிவிட்டது. மரத்துப்போக ஊசி போட்டு எடுத்தார். நினைத்ததைவிட அதிகமாக ரத்தம் வந்தது. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, முன்பு ஏதாவது ஆபரேஷன் ஆகியிருக்கிறதா என்று அபிராமியைக் கேட்டார். அவள் வாயெடுக்கும் முன் நான், "கிட்னியில் கல்" என்றேன். அவர் சரி என்று எடுத்ததைச் சோதனைக்கு அனுப்பினார்.

சில நாள் கழித்து டாக்டர் என்னைக் கூப்பிட்டு, மனைவியையும் அழைத்து வரச் சொன்னார். நான் தனியாகப் போனேன். காய்கறி வாங்கப் போகிறேன் என்று அபிராமியிடம் சொல்லிவிட்டுப் போனதால் திரும்பி வரும்போது மறக்காமல் வெண்டைக்காயும் பூசணிக்காயும் வாங்கி வந்தேன். எனக்குப் பொய் சொல்லும் பழக்கம் கிடையாது.

டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. இது தோலில் பிறந்தது இல்லை, சிறுநீரகத்திலிருந்து வந்தது என்றார். சிறுநீரகப் புற்றுநோய் சில பேரிடம் வருஷக்கணக்கில் சத்தமில்லாமல் இருந்துவிட்டு, ரத்தத்தோடு பயணம் பண்ணித் தோலில் வந்து முளைக்குமாம். தலைதான் அதற்குப் பிடித்த இடமாம். வெளியே ஒன்று தெரிகிறதென்றால் உள்ளேயும் எங்காவது இருக்கலாம், உடனே புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றார்.

"ஜல்தி கீஜியே, சேஷன்ஜி. ஜல்தி." சீக்கிரம், சீக்கிரம் என்று அதையே அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். முழுக்கக் குணமாகும் என்று என்னால் சொல்ல முடியாது, ஆனால் இப்போது நல்ல மாத்திரைகள் இருக்கின்றன, ஊசி மருந்து இருக்கிறது, எத்தனையோ பேர் வருஷக்கணக்கில் வாழ்கிறார்கள், வேலைக்குப் போகிறார்கள், ஊர் ஊராகப் போய்வருகிறார்கள் என்றார்.

நான் நன்றி சொன்னேன். எங்களுக்குச் சென்னையில் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள், இந்த வாரமே அங்கே போய் வைத்தியம் ஆரம்பிக்கிறோம் என்றேன். அவருக்கு அது திருப்தியாக இருந்தது. பிறகு ஒருமுறை அவரே போன் பண்ணி விசாரித்தார். மருந்து நன்றாகக் கேட்கிறது, வாந்திகூட இல்லை என்றேன். "வாஹே குருவின் கிருபை" என்றார். நோயாளியை ஞாபகம் வைத்துக்கொண்டு விசாரிக்கும் டாக்டர்கள் இன்று எத்தனை பேர் இருக்கிறார்கள்?

அபிராமியிடம், "ரத்தக்குழாய்க் கட்டியாம். வயசானா சிலபேருக்கு வருமாம். எடுத்தாச்சு, அவ்வளவுதான்" என்றேன். "அப்பாடா" என்றாள். அந்த ஒரு சொல்லைக் கேட்டிருந்தால் நீங்களும் அதைத்தான் செய்திருப்பீர்கள்.

அதற்குப் பிறகு வந்த மாதங்களைப் பற்றி நான் பெருமையாகவே சொல்வேன். எங்கள் கல்யாண வாழ்க்கையிலேயே அப்படி ஒரு காலம் இருந்ததில்லை. நான் சாயங்கால டிவி விவாதங்களை விட்டேன். லோதி கார்டனில் நடந்தோம். பெங்காலி மார்க்கெட்டில் கோல்கப்பா தின்றோம். ஜூனில் முசூரி போனோம். ரோப் காரில் அவள் கண்ணை மூடிக்கொண்டு என் கையைப் பிடித்தாள். இறங்கியதும், "என்ன இது, ரிட்டயர் ஆனப்புறம் திடீர்னு புருஷனாயிட்டேள்?" என்று சிரித்தாள். வேளாவேளைக்கு மாம்பழம் நறுக்கிக் கொடுத்தேன். தசேரி, லங்டா, சௌஸா என்று பருவம் முடிகிறவரை. வைத்தியம் ஆரம்பித்திருந்தால் இதில் எது நடந்திருக்கும்? ஆஸ்பத்திரி வரிசையில் டோக்கன் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

தலையில் எடுத்த இடத்தில் முடி சரியாக வளரவில்லை. பக்கத்திலேயே இன்னொன்று முளைத்தது. அவளுக்கு ஸ்கார்ஃப் கட்டிக்கொள்ள ஆசை வந்தது. ஒரு புதன்கிழமை சரோஜினி நகர் மார்க்கெட்டுக்குப் போனோம். பழைய பேட்டை என்பதால் அவளுக்கு அங்கே தனிக் குஷி. கடைக்காரப் பையன் ஒரு நீல ஸ்கார்ஃபுக்கு விலை சொன்னான்.

"பையா, நான் இங்கே குவார்ட்டர்ஸ்ல குடியிருந்தப்ப உங்க அப்பா இந்த விலைக்கு எனக்குக் கம்பளியே கொடுத்திருக்கார்" என்றாள் இந்தியில்.

"ஆன்ட்டிஜி, அப்பா அதனாலதான் கடையை என்கிட்ட விட்டுட்டுப் படுத்துட்டார்" என்றான் அவன்.

அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கடைக்காரனும் சிரித்தான். நீலம், மஞ்சள், கடுகுப்பூ நிறம் என்று அள்ளிக்கொண்டு வந்தாள். நீலத்தை அங்கேயே கட்டிக்கொண்டு, "எப்படி இருக்கேன்?" என்று கேட்டாள். கேட்டது என்னை இல்லை, அந்தப் பையனை. "ஃபர்ஸ்ட் கிளாஸ்" என்றான். நான் சொல்ல நினைத்ததும் அதேதான்.

மழைக்காலத்தில் முதுகில் ஒன்று வந்தது. கழுத்தெலும்புக்குப் பக்கத்தில் ஒன்று. வேகமாகத்தான் வளர்ந்தன. தொட்டால் ரத்தம் கசியும். நான் தினமும் குளித்தவுடன் பஞ்சு வைத்து, துணி வைத்து, பிளாஸ்திரி ஒட்டுவேன். கை சுத்தமாகக் கழுவிக்கொண்டுதான் தொடுவேன். அவள் சட்டையை இறக்கிக்கொண்டு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பாள். அந்த முதுகை அவ்வளவு கவனமாக நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை. தோளுக்குக் கீழே ஒரு மச்சம் இருப்பதை அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

"அந்த டாக்டரம்மாகிட்ட இன்னொரு தரம் காமிச்சுடலாமா?" என்று ஒருநாள் கேட்டாள்.

"போன் பண்ணிக் கேட்டேனே. அதே ரத்தக்குழாய்க் கட்டிதான், புழுக்கம் குறைஞ்சா தானா வாடிடும்னு சொன்னா."

"நீங்க கேட்டுட்டேளா. சரி."

அவ்வளவுதான். மேலே கேட்கவில்லை. நம்பிக்கை என்பது ஒருநாளில் வருவதில்லை.

உடம்பு இளைத்தது. கோவிலில் பார்க்கிற பெண்கள் எல்லாம் என்ன டயட் என்று அவளைக் கேட்டார்கள். நடைப்பயிற்சி என்று நான் சொன்னேன். களைப்பாக இருக்கிறது என்றாள். ரத்தம் கொஞ்சம் குறைவு என்று பேரீச்சம்பழம் வாங்கிப் போட்டேன். தீபாவளி முடிந்ததும் இருமல் வந்தது. ஆனால் தில்லியில் நவம்பரில் யார்தான் இருமவில்லை? புகை மூடி எதிர் பால்கனியே தெரியாது. எதிர் வீட்டு அம்மாளும் இருமினாள், அவள் புருஷனும் இருமினார், வாட்ச்மேனும் இருமினான். அந்த வகையில் அந்த மாதம் எனக்கு நன்றாக ஒத்துழைத்தது.

தீபாவளிக்கு மாதவ் ஹைதராபாதிலிருந்து வந்திருந்தான். தில்லியில் பிறந்த பிள்ளை, தமிழ் பாதி, இந்தி பாதி. அம்மா குனிந்து கோலம் போடும்போது முதுகைப் பார்த்துவிட்டான்.

"அப்பா, யே க்யா ஹை? இவ்ளோ பெரிசா இருக்கு. டாக்டர்கிட்ட தோபாரா, மறுபடியும் காட்டினேளா இல்லையா?"

"காட்டியாச்சுடா. கெடுதல் இல்லாத கட்டி."

"அம்மாவை நான் ஹைதராபாத் அழைச்சுண்டு போறேன். அங்க ஒரு செக்கப் பண்ணிடலாம்."

"இந்தக் களைப்புல எதுக்கு? பொங்கல் கழிச்சுப் பார்த்துக்கலாம்."

அபிராமி கோலமாவு டப்பாவை மூடிக்கொண்டே, "எனக்கு ஒண்ணும் இல்லைடா. ஏப்ரல்ல எப்படியும் நான் தெற்கே போறேன், உமாகிட்ட. அப்ப அங்க காமிச்சுக்கறேன்" என்றாள்.

உமாவைப் பற்றி நான் இன்னும் சொல்லவில்லை. வரிசைப்படி சொல்வதென்றால் ஹோலிக்கு முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும். அது அவ்வளவு முக்கியமில்லை என்று விட்டுவிட்டேன்.

உமாமகேஸ்வரி, அபிராமியோடு திருச்சியில் காலேஜில் படித்தவள். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. பாண்டிச்சேரியில் கடற்கரைக்கு நாலு தெரு தள்ளி மாடி வீட்டில் இருக்கிறாள். இரண்டு பேரும் போனில் பேசினால் அபிராமி வாக்கியத்தை நடுவில் நிறுத்தி யோசிக்கவே மாட்டாள். கடகடவென்று பேசுவாள். நான் அறைக்குள் வந்தால் குரல் கொஞ்சம் இறங்கும்.

அந்த வருஷம் பிப்ரவரியில், நல்ல வெயிலில், பால்கனியில் நான் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தபோது அபிராமி சொன்னாள்:

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். நடுவுல பேசாம கேளுங்கோ. நான் உமாவோட போய் இருக்கலாம்னு இருக்கேன்."

"எத்தனை நாள்?"

"நாள் கணக்கு இல்லை. இருக்கறதுக்குத்தான் போறேன். உங்க மேல கோபம் கிடையாது. எனக்காக நீங்க பேசினது போதும்னு தோணிடுத்து. இனிமே நானே பேசிப் பார்க்கறேன்."

நான் ஆரஞ்சுச் சுளையை நீட்டினேன். வாங்கிக்கொண்டாள்.

"எப்போ?"

"அவசரம் ஒண்ணும் இல்லை. மாதவுக்குக் கல்யாணம் ஆகட்டும். ரெண்டு மூணு வருஷம் போகட்டுமே. காலம் இருக்கே."

எனக்கு அப்போது கவலையே ஏற்படவில்லை. ஆபீஸில் நான் பார்த்திருக்கிறேன். ராஜினாமா செய்யப்போகிறேன், அவசரமில்லை என்று சொன்னவர்கள் எல்லோரும் என்னோடு சேர்ந்து பென்ஷன் வாங்குகிறார்கள். போவதற்கு நிறையக் காலம் இருக்கிறது என்று நினைப்பவர்கள் இருந்துவிடுவார்கள். காலம் இல்லை என்று தெரிந்தவர்கள்தான் மறுநாளே பெட்டியைக் கட்டுவார்கள்.

ஆகவே அந்தப் பஞ்சாபி டாக்டர் "ஜல்தி" என்று சொன்னபோது என் மனதில் முதலில் வந்தது என்ன என்பதை உங்களிடம் மறைக்க வேண்டியதில்லை. அவள் செத்துப்போவாள் என்பது முதலில் வரவில்லை. இதைக் கேட்டால் அவள் நாளைக்கே பாண்டிச்சேரிக்கு டிக்கெட் எடுப்பாள் என்பதுதான் வந்தது. மருந்து கேட்டு, வருஷக்கணக்கில் வாழ்ந்து, ஊர் ஊராகப் போய்வருகிற நோயாளிகளைப் பற்றி டாக்டர் சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு அவர்கள் எல்லோரும் கடற்கரையில் நடந்துபோவது போலத் தெரிந்தது.

நான் அவளுக்கு எதுவும் கொடுக்கவில்லை, அவளிடமிருந்து எதையும் பிடுங்கவுமில்லை. காலம் இருக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். அந்த நினைப்பைக் கெடுக்காமல் பார்த்துக்கொண்டேன். மருந்து கொடுத்திருந்தால் இன்னும் நாலு வருஷமோ ஐந்து வருஷமோ இருந்திருப்பாள் என்கிறார்கள். இருந்திருப்பாள். எங்கே இருந்திருப்பாள் என்பதை யாரும் சொல்வதில்லை. இப்படி எனக்கு முழுசாகப் பத்து மாதம் கிடைத்தது. முசூரியோடு, மாம்பழத்தோடு.

ஏப்ரலில் போகிறேன் என்று தீபாவளியன்று அவள் சொன்னதுதான் எனக்குப் புதிது. ரெண்டு மூணு வருஷம் என்றவள் தேதியை முன்னால் இழுத்துவிட்டாள். உடம்பு அவளிடம் ஏதாவது சொல்லியிருக்குமோ என்னவோ. நான் பதறவில்லை. "தாராளமா போ, கொஞ்சம் தெம்பு வரட்டும்" என்றேன். தெம்பு வராது என்று எனக்குத் தெரியும்.

பொங்கலுக்கு மறுநாள் காலை, பால்கனியில் உட்கார்ந்திருந்தபோது அவளுக்கு மூச்சு வாங்கியது. ஒரு வாக்கியம் பேசி முடிக்க முடியவில்லை. உதடு நீலமாக மாறியது. எதிர் வீட்டு அம்மாள் பார்த்துவிட்டுத் தன் புருஷனை விரட்டிக் காரை எடுக்கச் சொன்னாள். நானாக இருந்தால் கொஞ்ச நேரம் பார்த்திருப்பேன்.

எமர்ஜென்சியில் டாக்டர் கார்த்தி இருந்தார். ஆக்சிஜன் வைத்தார், படம் எடுத்தார், நுரையீரல் முழுக்கப் பரவியிருப்பதைப் பார்த்தார். முதுகில் நான் ஒட்டிய பிளாஸ்திரியைப் பிரித்துக் கட்டியைப் பார்த்தார். வயிற்றுப் பக்கம் பழைய தழும்பைப் பார்த்தார். என்னைக் கேட்காமல் நேராக அவளைக் கேட்டார்.

"அம்மா, கிட்னி கேன்சருக்கு எப்பம்மா ஆபரேஷன் பண்ணீங்க?"

"அது கேன்சர் இல்லையே. கல்லு" என்றாள் அவள்.

நான், "டாக்டர், நாம வெளில போய்ப் பேசலாம்" என்றேன்.

"இல்ல சார், அம்மாகிட்டதான் கேக்குறேன்" என்றார் அவர்.

அபிராமி என்னைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்க்கவில்லை. "எப்பலேர்ந்து தெரியும்?" என்று கேட்டாள்.

"கொஞ்ச நாளா."

"ஹோலிக்கு வந்ததே, அப்பவேயா?"

நான் அவள் போர்வையை இழுத்துச் சரிசெய்தேன். அவள் டாக்டர் பக்கம் திரும்பி, மூச்சை இழுத்து இழுத்துக் கேட்டாள். "அப்பவே வந்திருந்தா?"

அந்தப் பையனுக்குப் பொய் சொல்லத் தெரியவில்லை. "நிறையப் பேருக்கு மருந்து நல்லா கேக்குதும்மா" என்றார்.

"இப்ப நான் பிளேன்ல போக முடியுமா? பாண்டிச்சேரிக்கு?"

"முடியாதும்மா. ஆக்சிஜனை எடுத்தா ஒரு நிமிஷம்கூடத் தாங்காது."

அவள் தலையை ஆட்டினாள். பிறகு கையை நீட்டி போன் கேட்டாள். நான் என்னுடையதைக் கொடுக்கப் போனேன். அவள் என் கையைத் தாண்டி டாக்டரிடம் நீட்டிக்கொண்டிருந்தாள். அவர் தன் போனைக் கொடுத்தார். உமாவின் நம்பர் அவளுக்கு மனப்பாடமாக இருந்தது. மாஸ்க்கை விலக்கி விலக்கிப் பேசினாள். என்ன பேசினாள் என்று எனக்குக் கேட்கவில்லை, ஏனென்றால் அவள் நர்ஸிடம் ஏதோ சொல்ல, நர்ஸ் வந்து என் தோளைத் தொட்டாள்.

"அங்கிள், நீங்க வெளியே உட்காருங்க. ஆன்ட்டி வேண்டாங்கறாங்க" என்றாள் இந்தியில்.

மாதவ் அன்று சாயங்காலமே வந்துவிட்டான். டாக்டர் எல்லாவற்றையும் அவனிடம் சொன்னார். அந்தப் பஞ்சாபி டாக்டரையும் அவன் தேடிப் பிடித்துப் பேசினானாம். உமா மறுநாள் பிளேனில் வந்தாள். நரைத்த கட்டைமுடி, ஜீன்ஸ் போட்ட பெண்மணி. என்னைப் பார்த்து ஒரு நிமிஷம் நின்றுவிட்டு உள்ளே போனாள். கதவு மூடும் முன் அபிராமியின் குரல் கேட்டது. மூச்சு முட்ட முட்ட ஏதோ சொன்னாள், இரண்டு பேரும் சிரித்தார்கள்.

அந்த வாரம் முழுக்க நான் வராந்தாவில் இருந்தேன். நல்ல ஆஸ்பத்திரி. நாற்காலிகள் சௌகரியமாக இருந்தன. ஒவ்வொரு காலையும் நர்ஸிடம், இப்போது உள்ளே போகலாமா என்று கேட்பேன். அவள் போய்க் கேட்டுவிட்டு வந்து தலையை ஆட்டுவாள். மாதவ் என்னைத் தாண்டிப் போவான், வருவான். ஒருமுறை மட்டும் நின்று, "ஏம்ப்பா? ஏன்?" என்று கேட்டான். சொல்ல ஆரம்பித்தேன். அவன் முழுசாகக் கேட்கவில்லை.

அவள் போன அன்று உமாதான் வெளியே வந்தாள். "முடிஞ்சிடுச்சு, சேஷன் சார்" என்றாள். முகம் கழுவியிருந்தாள். "உங்களுக்கு ஏதாவது சொல்லச் சொன்னாளான்னு கேட்டேன். ஒண்ணும் இல்லைன்னுட்டா."

சாம்பலை உமா பாண்டிச்சேரிக்குக் கொண்டுபோனாள். அது அபிராமி மாதவிடம் கேட்டுக்கொண்டதாம். நான் ஆட்சேபிக்கவில்லை. நான் செய்தது இவ்வளவுதான். என் மனைவிக்குப் பரவிய நோயை அவளிடமும், மகனிடமும், வைத்தியம் பார்க்கக்கூடியவர்களிடமும் தெரிந்தே மறைத்தேன். அவள் என்னோடு இருக்க வேண்டும் என்பதற்காக மறைத்தேன். யார் கேட்டாலும் இதையே சொல்வேன்.

கடைசி நாட்களில் அவள் என்னை உள்ளே விடாததை வைத்து மாதவும் சொசைட்டிக்காரர்களும் என்னென்னவோ பேசுகிறார்கள். அவர்களுக்கு அபிராமியைத் தெரியாது. மூச்சுக்குத் தவிக்கிற தன்னைப் பார்த்தால் நான் தாங்கமாட்டேன் என்று அவளுக்குத் தெரியும். அந்த நிலைமையிலும் என்னைப் பற்றித்தான் யோசித்திருக்கிறாள்.